தூங்குமூஞ்சி மரத்துக்கு ஆறு பக்கம்

அந்த மரத்தை வெட்டச் சொல்லி நான் எழுதவில்லை. வெட்ட வேண்டாம் என்றுதான் எழுதினேன். ஆறு பக்கம், ஒன்பது படங்கள், ஒரு அட்டவணை. அதை வைத்துத்தான் வெட்டினார்கள்.

படப்பையிலிருந்து ஒரகடம் போகும் சாலையில், எங்கள் மனைப்பிரிவுக்கு எதிரே அந்தத் தூங்குமூஞ்சி மரம் நின்றது. காலை ஷிப்டுக்குப் போகிற எல்லோருக்கும் அதுதான் பஸ் ஸ்டாப். பெயர்ப்பலகை கிடையாது, கூரை கிடையாது. மரம் இருக்கிற இடத்தில் கம்பெனி பஸ் நிற்கும், அவ்வளவுதான். நீலச் சட்டை, சாம்பல் சட்டை, ஆரஞ்சுக் கோடு போட்ட சட்டை எல்லாம் அதன் அடியில் வரிசையாக நின்று கொட்டாவி விடும். அந்த நேரத்தில் மரமும் இலையை மூடிக்கொண்டுதான் இருக்கும். வெயில் ஏறினால்தான் விரிக்கும். "நம்ம செட்டு மரம், அதுக்கும் ஃபர்ஸ்ட் ஷிப்ட் புடிக்கல" என்று யாராவது சொல்வார்கள். தினமும் யாராவது சொல்வார்கள், தினமும் யாராவது சிரிப்பார்கள்.

மூன்று பேர் கைகோத்தால்தான் அடிமரத்தைச் சுற்றி வர முடியும். கிளைகள் சாலையைத் தாண்டி எங்கள் மனைப்பிரிவின் கேட் வரை போயிருந்தன. யார் வைத்ததென்று யாருக்கும் தெரியாது. சாமி மரம் இல்லை, அதனால் மஞ்சள் துணி கட்டியதில்லை. காயைப் புளி போல ஏலம் விடவும் முடியாது. பிசுபிசுவென்று தரையில் கிடந்து பைக்கைச் சறுக்கிவிடும், அதற்காகத் திட்டு வாங்கும். யாருடைய மரமும் இல்லை என்பதால் எங்கள் எல்லோருடைய மரமாகவும் இருந்தது என்று நான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். யாருடையதும் இல்லாதது கடைசி வரை யாருடையதும் இல்லாததுதான் என்று இப்போது தெரிகிறது.

உண்மையில் அது ஒருவருடைய மரம். அதன் அடியில் தள்ளுவண்டியில் டிபன் போட்ட அக்காவுடையது. இட்லி, பொங்கல், வடகறி. முன்பு அவரும் ஒரு வயரிங் கம்பெனியில் லைனில் நின்றவர். ஒப்பந்தம் முடிந்து வெளியே அனுப்பியபோது வண்டி வாங்கி இங்கே நிறுத்தினார். காலை ஏழு மணி வரை நிழல் யாருக்கும் தேவையில்லை. ஷிப்டுக்குப் போகிறவர்கள் பொட்டலம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் அக்காவின் உண்மையான வியாபாரம். ஷேர் ஆட்டோக்காரர்கள், கட்டட வேலைக்காரர்கள், நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள். அவர்கள் நின்று சாப்பிடுகிறவர்கள். நிழல் இருந்தால்தான் நிற்பார்கள்.

நான் ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தேன். பிரேக் டிரம் வரிசையாக வரும். சின்னச் சுத்தியால் ஒவ்வொன்றையும் தட்ட வேண்டும். ணங் என்று மணி போல ஒலித்தால் நல்லது. டொக் என்றால் உள்ளே எங்கோ விரிசல். எட்டு மணி நேரம் இதைச் செய்தால் காது வேறு மாதிரி ஆகிவிடும். வீட்டில் தட்டு, டம்ளர், கதவு எல்லாவற்றையும் தட்டிப் பார்ப்பேன். அம்மா திட்டுவார்.

என்னால் சும்மா இருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து சாலையோர மரங்களில் அடித்திருக்கும் ஆணிகளைப் பிடுங்கப் போவோம். 'பிளாட் விற்பனைக்கு', 'லேடீஸ் ஹாஸ்டல்', 'ஆள் தேவை' என்று எத்தனையோ தகரப் பலகைகள். ஆணி பிடுங்கப் போகிறோம் என்று சொன்னால் சிரிக்காத ஆள் இந்தப் பக்கம் கிடையாது. மரத்தின் கழுத்து வரை சிமென்ட் கல் பதித்திருந்தால் அதையும் கடப்பாரையால் நெம்பி எடுப்போம். நான் இதற்காக நிறையப் படித்தேன். கிளையை எங்கே வெட்டினால் ஆறும், எங்கே வெட்டினால் அழுகும், பொந்து விழுந்த மரம் எத்தனை காலம் நிற்கும், எல்லாம். ரப்பர் சுத்தி ஒன்று வாங்கி, மரங்களையும் தட்டத் தொடங்கினேன்.

எங்கள் ஐவரில் ஒருவன் தென்காசிப் பக்கத்துக்காரன், வெல்டிங்கில் இருக்கிறவன். "சும்மா நிக்க மரத்தப் போயி எதுக்குத் தட்டுத? அது என்ன தேங்காயா?" என்பான்.

"டாக்டரம்மா வந்துட்டாங்க" என்பார் அக்கா. "இன்னா பாப்பா, இருமுதா மரம்?"

சித்திரையில் ஒரு சாயங்காலம் திடீரென்று காற்றும் மழையும் அடித்தது. மரத்தில் தொடை கனத்தில் ஒரு கிளை முறிந்து, கீழே நிறுத்தியிருந்த இரண்டு பைக்குகள் மேல் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் பைக் சொந்தக்காரர் ஒருவர் படம் எடுத்து மனைப்பிரிவு வாட்ஸப் குழுவில் போட்டார். 'உயிர்ப்பலி ஆன பிறகுதான் நடவடிக்கையா?' என்று கீழே எழுதியிருந்தார். இரண்டு நாளில் சாலை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் பொங்கல் கட்டிக்கொடுக்கும்போது அக்கா கேட்டார். "பாப்பா, நீ படிச்ச பொண்ணு. எதனா எழுதிக் குட்றியா? மரம் நல்லா கீது, வெட்ட வேணாம்னு. ரெண்டு வரி போதும். நானு, ஆட்டோக்காரங்கோ, அல்லாரும் கையெழுத்து போட்றோம்."

இரண்டு வரி. அவர் கேட்டது அவ்வளவுதான்.

நான் அன்று சாயங்காலமே டேப்பும் சுத்தியும் எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் கம்பெனியில் ஒரு பாகத்தைப் பற்றி அறிக்கை எழுதினால் அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. என்ன குறை, எங்கே, எவ்வளவு, எதனால், யார் எப்போது சரிசெய்வது. எதையும் விடக் கூடாது. விட்டது தெரிந்தால் மற்றதையும் நம்ப மாட்டார்கள். அந்த ஒழுங்கோடு எழுதினேன். அடிமரத்தின் தெற்கே இரண்டடி உயரத்துக்குப் பொந்து. கரண்டு கம்பிக்காக ஒரே பக்கம் கிளை கழித்துக் கழித்து, மரம் சாலைப் பக்கம் சாய்ந்திருக்கிறது. வேர் மேல் சிமென்ட் கல். தட்டிப் பார்த்ததில் தென்பகுதி மந்தமாக ஒலிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் படம் எடுத்து அம்புக்குறி போட்டேன். பிறகு இரண்டு பக்கத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுதினேன். சாலை மேல் நீண்ட கிளைகளின் நுனியைக் குறைத்து எடையை இறக்க வேண்டும், கல்லை எடுத்து மண்ணைத் திறந்துவிட வேண்டும், பைக் நிறுத்துமிடத்தை மாற்ற வேண்டும், பொந்தில் சிமென்ட் அடைக்கக் கூடாது, மழைக்காலம் முடிந்ததும் மறுபடி பார்க்க வேண்டும். இப்படிப் பார்த்துக்கொண்டால் இந்த மரம் இன்னும் பல காலம் நிற்கும் என்று முடித்தேன்.

சொல்ல வேண்டும், எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கம்பெனியில் நான் எழுதும் அறிக்கையை யாரும் படிப்பதில்லை.

அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு முழுதாகக் கேட்டார்.

"பொந்த ஏன் எழுதுன?"

"இருக்குதுல்லக்கா."

"கீதுதான். அது நமக்குத் தெரியும். அவங்களுக்கு எதுக்கு?"

"குறையச் சொன்னாத்தான் சரி பண்ணுவாங்க. இல்லன்னா பொய் சொல்றோம்னு நெனப்பாங்கக்கா."

அக்கா சாம்பாரைக் கலக்கினார். "இன்னாவோ. நீ படிச்சவ" என்றார். முதல் ஆளாக அவர்தான் கையெழுத்துப் போட்டார். தமிழில், எழுத்து எழுத்தாக.

பெர்மிஷன் போட்டுவிட்டு ஸ்ரீபெரும்புதூர் போய்ச் சாலை அலுவலகத்தில் கொடுத்தேன். உதவிப் பொறியாளர் நாற்பது வயதுக்காரர், தூக்கம் கெட்ட கண்கள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "மரத்துக்கு யாரும் இவ்ளோ நீட்டா குடுத்ததில்லம்மா. அம்புக்குறி எல்லாம் போட்டிருக்கீங்க" என்றார். முத்திரை குத்தி நகல் கொடுத்தார். திரும்பி வருகிற பஸ்ஸில் முத்திரையைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன்.

வைகாசி போனது, ஆனி போனது, ஆடி போனது. யாரும் வரவில்லை. மறந்துவிட்டார்கள், நல்லதுதான் என்று அக்கா சொன்னார். ஆவணியில் ஒரு காலை, பஸ்ஸுக்குப் போகும்போது மரத்தைச் சுற்றி ஆட்கள் நின்றிருந்தார்கள். அடிமரத்தில் ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். தென்காசிக்காரன் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தான். பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

நான் கிட்டே போய்ப் படித்தேன். 'அடிமரத்தின் தெற்கே இரண்டடி உயரத்துக்குப் பொந்து உள்ளது. மரம் சாலைப் பக்கம் சாய்ந்துள்ளது. தட்டிப் பார்த்ததில் தென்பகுதி மந்தமாக ஒலிக்கிறது. எனவே பொதுமக்களின் பாதுகாப்புக் கருதி.' அந்த 'எனவே' மட்டும் என்னுடையது இல்லை. மந்தமாக என்ற சொல்லை நான் இரண்டு முறை அடித்து மூன்றாம் முறை எழுதியது எனக்கு நினைவிருந்தது.

அக்கா எனக்கு வழக்கமான பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்தார். பஸ் வந்தது, ஏறினேன்.

அன்றைக்கு டிரம் தட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. டொக் என்று ஒலித்த ஒன்றை எடுத்துச் சிவப்புத் தொட்டியில் போட்டேன். போட்டுவிட்டு அப்படியே நின்றேன். மந்தமாக ஒலிப்பதை நான் என்ன செய்கிறேன்? ஒன்றைக்கூடச் சரிசெய்ய அனுப்பியதில்லை. உருக்க அனுப்புகிறேன். அந்தச் சோதனை அதற்காகத்தான் இருக்கிறது. அதே சோதனையை மரத்துக்குச் செய்து, அதே சொல்லில் எழுதிக் கொடுத்துவிட்டு, அவர்கள் வைத்தியம் பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்திருக்கிறேன். "மேடம், லைன் நிக்குது" என்று சூப்பர்வைசர் கத்தினார்.

அடுத்த நாள் லீவு போட்டு மறுபடி ஸ்ரீபெரும்புதூர் போனேன். உதவிப் பொறியாளர் என்னை அடையாளம் கண்டு நாற்காலி காட்டினார். அவர் மேல் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"சார், நான் வெட்டச் சொல்லல. அடுத்த ரெண்டு பக்கம் படிங்க சார்."

"படிச்சேம்மா. கிளைய அளவா கழிக்கணும், கல்ல எடுக்கணும், வருஷா வருஷம் வந்து பாக்கணும். எங்கிட்ட மரம் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் கெடையாது. வெட்டுறதுக்கு ஆளு இருக்கான். பாத்துக்கிறதுக்கு இல்ல."

"இவ்ளோ நாளும் நின்னுச்சே சார்."

"நின்னுச்சு. பொந்து இருக்குன்னு எனக்குந் தெரியும், அந்தப் பக்கம் போறவன் எல்லாருக்கும் தெரியும். யாரும் எழுதல. எழுதாத வரைக்கும் அது மரம். எழுதிட்டா ஃபைலு. நாளைக்கு விழுந்து அங்க பஸ்ஸுக்கு நிக்கிற ஒரு பொண்ணு போயிட்டா, தெரிஞ்சும் ஏன் வெட்டலன்னு என்னத்தான் கேப்பாங்க. உங்க பேப்பரத்தான் காட்டுவாங்க."

அவர் மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். கிண்டலாக இல்லை.

"ஒண்ணு பண்ணுங்க. இந்த மரம் விழாதுன்னு எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க. அத வெச்சிக்கினு நான் மேல பேசிப் பாக்கறேன். பேசுவேம்மா, நெஜமா."

பேனாவை எடுத்தேன். ஒரு ஷிப்டில் எத்தனை டிரம்மில் 'சரி' என்று முத்திரை குத்துகிறேன். கை கூசியதில்லை. அந்தத் தாளில் 'இந்த மரம்' என்று எழுதினேன். அதற்கு மேல் வரவில்லை. ஆறேகால் பஸ்ஸுக்கு நிற்கிற முகங்கள் வந்தன. அந்த வண்டியின் பின்னால் குனிந்து நிற்கிற அக்காவின் முதுகு வந்தது. விழாது என்று எனக்குத் தெரியாது. நிற்கும் என்று நம்பினேன், அவ்வளவுதான். நம்பிக்கைக்குக் கீழே கையெழுத்துப் போட எனக்குத் தெரியவில்லை.

அவர் தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. அதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் சொன்னேன். கையெழுத்துக் கேட்டார்கள், நான் போடவில்லை என்று இன்று வரை அவருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை, வண்டி நடமாட்டம் குறைவான நாளாகப் பார்த்து வெட்ட வந்தார்கள். கிரேன் ஒன்று, ரம்பம் இரண்டு. நாங்கள் ஐந்து பேரும் போயிருந்தோம், எதற்கென்று தெரியாமல். முதலில் சாலை மேலிருந்த கிளைகள் இறங்கின. மேலே மூடியிருந்த இடத்தில் வானம் துண்டு துண்டாகத் தெரிந்தது. நிழல் சுருங்கிச் சுருங்கி நாங்கள் அடிமரத்தை நோக்கி நகர்ந்துகொண்டே போனோம். பத்து மணிக்கு மேல் நிற்க இடமில்லை. அக்கா வண்டியை எதிர்ப்பக்கம் தள்ளிவைத்து, ஒரு சிமென்ட் கம்பெனிக் குடையை விரித்து, வெட்டுகிறவர்களுக்கே டீயும் இட்லியும் கொடுத்துக்கொண்டிருந்தார். "சாப்ட்டு வெட்டுங்க. பசியோட மேல நிக்காதீங்க" என்று சொன்னது கேட்டது.

அடிமரத்தை மறுநாள்தான் அறுத்தார்கள். ஷிப்ட் முடிந்து திரும்பியபோது வட்டம் மட்டும் தரையோடு இருந்தது. நான் டேப்பை எடுத்தேன். "வேண்டாம், விடு" என்றான் தென்காசிக்காரன். அளந்தேன். கிழக்கிலும் வடக்கிலும் ஒரு சாணுக்கு மேல் கெட்டியான, கரும்பழுப்பு மரம். நான் படித்த கணக்குப்படி அது தாராளம். தெற்கே பொந்தின் ஓரத்தில் மூன்று விரல். அதற்குக் கீழே, சாலைப் பக்கம் போன வேர் ஒன்று ஈர பிஸ்கெட் போல உதிர்ந்தது. அது எனக்குத் தெரியாத வேர். நின்றிருக்குமா, விழுந்திருக்குமா? வெட்டிய பிறகாவது தெரிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். தெரியவில்லை.

அக்கா அந்தக் குடையில் இரண்டு வாரம் பார்த்தார். ஏழு மணிக்கு மேல் யாரும் நிற்கவில்லை. பிறகு ஒரகடம் பக்கமாக அரைக் கிலோமீட்டர் தள்ளி, ஒரு பழைய வாகை மரத்தின் கீழ் வண்டியை மாற்றினார். கம்பெனி பஸ் அங்கே நிற்காது. காலைக் கூட்டம் கைவிட்டுப் போனது.

அப்போதுதான் உதவிப் பொறியாளர் போன் செய்தார். என் அறிக்கையின் மாதிரி மேலே எல்லோருக்கும் பிடித்துவிட்டதாம். அதே மாதிரியில் அந்தச் சாலை முழுக்க இருக்கிற பெரிய மரங்களுக்கும் எங்கள் குழு எழுதித் தர முடியுமா என்று கேட்டார். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நாம எழுதலன்னா வேற ஒருத்தன் எழுதுவான்" என்றான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தென்காசிக்காரன். "அவன் பொந்துன்னு எழுதிட்டு வீட்டுக்குப் போயிருவான். நீயாவது அடுத்த வரி எழுதுவ."

ஒத்துக்கொண்டேன். இந்த முறை வேறு மாதிரி எழுதினேன். குறையைத் தனி வாக்கியமாக விடவில்லை. 'நுனிக் கிளைகளைக் குறைத்தால் தாங்கக்கூடிய பொந்து' என்று, பிரித்தெடுக்க முடியாதபடி கட்டினேன். சுத்தியை எடுத்துப் போகவில்லை. அட்டவணையில் ஒலி என்ற கட்டத்தையே நீக்கிவிட்டேன். ஞாயிறு ஞாயிறாக மரம் மரமாகப் போய், ஒரு நாள் காலை அந்த வாகைக்கு வந்து சேர்ந்தோம்.

அக்கா என் கையில் இருந்த குறிப்பெழுதும் அட்டையைப் பார்த்தார். வடகறிப் பாத்திரத்தை மூடினார்.

"இந்த மரத்த உட்டுடு பாப்பா."

"வெட்ட மாட்டாங்கக்கா. இப்ப வேற மாதிரி எழுதறேன்."

"நல்லா எழுதுவ. தெரியும். நீ இதப் பாக்கவே பாக்காத. வா, சாப்டு."

மரத்துக்கு முதுகு காட்டி நின்று பொங்கல் சாப்பிட்டேன். ஆனால் நடந்து வரும்போதே பார்த்துவிட்டிருந்தேன். வண்டிக்கு நேர் மேலே ஒரு கிளை காய்ந்து போயிருக்கிறது. பட்டை உரிந்து வெளுத்துவிட்டது. எங்கள் பட்டியலில் முந்தின மரத்தின் எண் முப்பத்தொன்று. வாகையை விட்டுவிட்டு அடுத்த மரத்துக்கு முப்பத்திரண்டு போட்டேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு பாகத்தைக்கூட நான் பார்க்காமல் அனுப்பியதில்லை.

அந்த ஒரு கிளையை மட்டும் எடுத்தால் போதும். எடுக்க அனுமதி வேண்டும். அனுமதிக்கு எழுத வேண்டும். வண்டியை நாலடி தள்ளிப் போடச் சொன்னேன். போட்டார். இரண்டு நாளில் திரும்பப் பழைய இடத்திலேயே நின்றது. "அங்க வெயிலு" என்றார்.

எங்கள் ஷாப் ஃப்ளோருக்குத் தகரக் கூரை. காற்று அடித்தால் முதலில் அதுதான் படபடக்கும். போன் லாக்கரில் இருக்கும், டீ இடைவேளையில்தான் கிடைக்கும். அது வரை டிரம் தட்டுகிறேன், எதுவும் சரியாகக் காதில் விழுவதில்லை. இடைவேளை மணி அடித்ததும் ஓடிப் போய் அக்காவுக்கு அடிக்கிறேன்.

"இன்னா பாப்பா, சாப்ட்டியா?"

"அங்க காத்து அடிக்குதாக்கா?"

"அடிக்குது. ஜில்லுனு கீது" என்கிறார்.